எருமைக் கொம்புப் பிடி

எனக்குக் காய்ச்சல். முன்னறைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கொழும்பில், வெள்ளவத்தை வீடுகளின் அந்தச் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு ஒரு குணம் உண்டு. வெளியே எவ்வளவு வெயில் எறித்தாலும் அது தன்பாட்டில் குளிர்ந்து கிடக்கும். கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தால் உலகம் முழுக்கக் கால்களாகவே தெரியும். மேசைக் கால், கதிரைக் கால், மனிதக் கால்.

எனக்கு நேரே குசினி வாசல். அதில் தொங்கிய திரை தரைவரை எட்டாது. திரைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில், அந்தப் பகலில், ஒரு பெண்ணின் வெறுங்கால் வந்து நின்றது. அகலமான பாதம், நன்றாகப் பிரிந்த விரல்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சோடிக் கறுத்த சப்பாத்து.

பிறகு அந்தக் கால் தரையில் கிடந்த ஒரு கத்திப் பிடியின் மேல் இறங்கியது. பெருவிரலும் பக்கத்து விரலும் பிடியின் நடுவே இருந்த வளையத்தைக் கவ்விக்கொண்டன. கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் பாணந்துறை ரயில் போனது. யன்னல் கம்பிகள் அதிர்ந்தன. காய்ச்சலில் கனவு காண்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் அந்தக் கால் மாயாவுடையது, என் அண்ணாவின் மனைவியுடையது. அந்தப் பிடியில் கால் வைக்கக் கூடாது என்று அம்மாவோடு சண்டை பிடித்து, கிழமைக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்தவளும் அவள்தான்.

கனடாவுக்குப் போன அண்ணா

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். போன கிழமை ரயில் பாதையைப் பற்றி எழுதியபோது ஆண்டைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வாசகர் என்னை உலுப்பி எடுத்துவிட்டார். ஆகையால் இந்த முறை யுத்த காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாடு போகக் காத்திருந்தார். மீதி வீடுகளில், போனவரின் தொலைபேசிக்குக் காத்திருந்தார்கள்.

நாங்களும் அப்படித்தான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப் அடித்தேன். அண்ணா கனடாவுக்குப் புறப்பட்டார்.

அண்ணாவை ஏஜென்ட் எங்கெங்கோ சுற்றிக் காத்மண்டுவில் இறக்கி, "நாளைக்கு வாறன், இஞ்சயே நில்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த நாளை இன்னும் வரவில்லை. அண்ணா அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கடைக்காரியின் உறவுக்காரப் பெண் மாயா. கனடாவுக்குப் போன அண்ணா, ஒரு பிற்பகலில் பெரிய தெருவான காலி வீதியில் இருந்து முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியபோது, பக்கத்தில் அவள் இருந்தாள். மடியில் ஒரு தடித்த கம்பளி. கொழும்பு வெயிலில் கம்பளியை அணைத்துக்கொண்டு வந்த ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும்.

அம்மா ஆலாத்தி எடுத்தார். மரியாதைக் குறைவு எதுவும் நடக்கவில்லை. பிறகு குசினிக்குள் வந்து என் காதோடு சொன்னார்:

"நல்ல முகம்தான். ஆனா சம்பந்தி ஆரெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? தாம்பூலம் மாத்தேல்லை. முகம் பார்க்கேல்லை. ஆளுக்காள் ஒரு கும்பிடுகூடப் போடேல்லை."

இந்தச் சம்பந்திக் குறை அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கோயிலில் யாராவது விசாரித்தால், "அவை தூர இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு விபூதியைப் பூசிக்கொள்வார்.

மாயாவின் தமிழ் அண்ணாவிடம் படித்த தமிழ். ஆகவே அது முழுக்க ஆம்பிளைத் தமிழ். வந்த அன்றே, மச்சாள் என்று கூப்பிட வேண்டிய என்னை "மச்சான்" என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. அவளைப் போலவே எனக்கும் அந்த வீட்டில் சிரிப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

பிடி

அந்தக் கம்பளிக்குள்தான் குக்குரி என்ற அந்தக் கத்தி இருந்தது. விமான நிலையத்தில் எப்படித் தப்பி வந்தது என்பது எனக்கு இன்றும் தெரியாது. நேபாளத்து வீடுகளில் அது சாதாரண கத்தி என்று அண்ணா சொன்னார். விறகு பிளக்க, ஆடு வெட்ட, வேலி திருத்த எல்லாவற்றுக்கும் அதுதானாம். தசராவின்போது பூ வைத்து, குங்குமம் தொட்டு, கும்பிடுவார்களாம்.

அலகு முன்பக்கமாக வளைந்திருந்தது. எல்லோரும் அலகைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது அதன் பிடி. எருமைக் கொம்பில் செய்தது. கறுப்பு, ஆனால் யன்னல் பக்கம் திருப்பினால் உள்ளே தேன் நிறத்தில் ஒரு கோடு ஓடும். தொட்டால் எந்த நேரமும் குளிர்ந்திருக்கும். நடுவில் மோதிரம் போட்டதுபோல் ஒரு வளையம் தடித்து நிற்கும். அடிப்பக்கம் அகன்று விரிந்து, பித்தளை மூடியோடு முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லாத மத்தியானம், மாயா எனக்கு அதைப் பிடிக்கக் காட்டினாள். உறையைக் கையால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. முதுகுப் பக்கம் மட்டும்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவும்போது அலகு உறையையும் அறுத்து விரலையும் அறுத்துவிடும். பிடியின் வளையம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வர வேண்டும். சின்ன விரல் அடியில் விரியும் இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். எவ்வளவு வீசினாலும் கை வழுக்காது. நுணுக்கமான வேலைக்குக் கையை மேலே ஏற்றி, கட்டைவிரலை அலகின் முதுகில் வைக்கலாம். விறகுக்குக் கையைக் கீழே இறக்கினால் அலகின் பாரமே வெட்டும்.

"இறுக்கிப் பிடிக்காதை மச்சான். அது போகாது," என்றாள்.

பிடியின் ஒரு பக்கத்தில், வளையத்துக்கு மேலே, கொம்பு தேய்ந்து ஒரு பள்ளம் இருந்தது. என் கட்டைவிரலுக்கு அது பெரிது. அவளுக்கும் பெரிதுதான். நான் அதைத் தடவிப் பார்த்தபோது அவள் சொன்னாள்:

"அப்பா. அப்பாட விரல்."

அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். அவர் இறந்த பிறகு, மாயா வீட்டை விட்டு வரும்போது அந்தக் கம்பளியைத் தவிர எடுத்து வந்த ஒரே பொருள் அது. அந்தப் பள்ளத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் இருந்தேன். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ மலைக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதரின் கை, வெள்ளவத்தையில் என் கைக்குள் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அப்போது என் அப்பாவின் நினைவு வந்து அழுகை வந்துவிட்டது.

அம்மாவின் கால்

எங்கள் வீட்டு அரிவாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகையில் நிமிர்ந்து நிற்கும் அரிவாள்மணை. அம்மா தரையில் குந்தியிருந்து, பலகையைக் காலால் அமத்திக்கொண்டு, இரண்டு கையாலும் காயைப் பிடித்து அலகில் தள்ளுவார். கத்தி அசையாது, காய்தான் அசையும். அம்மாவுக்குக் கைக்கத்தியில் நம்பிக்கை கிடையாது. "ஒரு கையால வெட்டுறது வெட்டே?" என்பார்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும், காசில் பட்டால் கும்பிட வேண்டும், விளக்குமாற்றில் பட்டால்கூடக் கும்பிட வேண்டும். ஆனால் சோறு போடும் அரிவாளைக் காலையில் இருந்து காலுக்குக் கீழே வைத்திருக்கலாம். இதைப் பற்றி நான் ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடல் காற்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தின்றது. அரிவாளின் பலகையும் ஊறிப் பிளந்துவிட்டது. அன்று பார்த்து முழுப் பூசணிக்காய். அம்மா அதை வைத்துக்கொண்டு திண்டாடுவதை மாயா பார்த்தாள். ஓடிப்போய்க் குக்குரியை எடுத்து வந்தாள். உறையிலிருந்து உருவி, பிடியை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தாள். அது மாமியாருக்கு அவள் கொடுத்த முதல் பொருள்.

அம்மாவும் சந்தோஷமாகத்தான் வாங்கினார். வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகின் வளைவு அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கூர்ப்பக்கத்தை மேலே திருப்பித் தரையில் வைத்தால், அலகு அரிவாளைப் போலவே நிமிர்ந்து நிற்கிறது. அம்மா சீலையைச் செருகிக்கொண்டு கீழே இருந்தார். பிடியின் மேல் காலை வைத்தார். வளையத்தில் விரல் பொருந்தியது. அடிப்பக்கத்து விரிவு குதிக்காலில் முட்டி நின்றது.

"உது எங்களுக்கெண்டே செய்ததுபோல இருக்கு," என்றார் அம்மா.

மாயா ஒரு சத்தம் போட்டாள். தமிழும் இல்லை, நேபாளியும் இல்லை. குனிந்து அம்மாவின் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மாமியாரின் காலை மருமகள் பிடித்துத் தள்ளியது. அம்மாவுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அண்ணா ஓடி வந்தார். மாயா அழுதுகொண்டு அவரிடம் கொட்டினாள். அண்ணா எங்களுக்குச் சொன்னார். அவர்களுடைய ஊரிலும் காலால் அமத்தும் கத்தி இருக்கிறது. சுலேசி என்று பெயர். அவளுடைய அம்மா அதில்தான் கீரை அரிவாராம். அதனால் அம்மா கால் வைத்ததை அவள் குறை சொல்லவில்லை.

"அதுக்குக் கால்," என்று மாயா தானே தமிழில் சொன்னாள். பிறகு பிடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது அப்பாட கை."

அம்மா தணிந்திருக்கலாம். ஆனால் கணுக்கால் சுட்டுக்கொண்டிருந்தது.

"கத்தி எண்டால் வெட்டத்தானே வச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய்விட்டார்.

மாயா குக்குரியைத் துணியில் சுற்றி, அதன்மேல் கம்பளியைச் சுற்றி, கட்டிலுக்குக் கீழே சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டினாள். வீட்டில் பேச்சு நின்றது. அம்மா உலையில் கண் வைத்திருப்பார், மாயா யன்னலில் கண் வைத்திருப்பாள். நடுவில் நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

செக்கிங்

எனக்குக் காய்ச்சல் வந்ததும் இந்தப் பேச்சில்லாத நாட்களில்தான். கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். கொழும்புக் கோட்டைப் பக்கம் ஏதோ வெடித்ததாக ரேடியோ சொன்னது. அப்படிச் சொன்னால் பிறகு என்ன வரும் என்பது ஒழுங்கை முழுக்கத் தெரியும். முன் ஒழுங்கையில் ஒரு பொடியனைப் போன மாதம் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய தாய் இன்னும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் சப்பாத்துச் சத்தம் வந்தது. ஒரு பொலிஸ் அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு இரண்டு ஆமிக்காரர்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள். என் தலையணையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பக்குவமாக வைத்த பெண் பொலிஸின் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்தார்கள்.

கம்பளியை விரித்தார்கள். துணியை அவிழ்த்தார்கள்.

"மே மொகக்த?" என்றார் அதிகாரி. என்ன இது என்று அர்த்தம். குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

வீட்டில் சிங்களம் ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாயில் எழும்பி இருந்துகொண்டு, "சேர், ஏக்க அபே குஸ்ஸியே பிஹிய," என்றேன். எங்கள் குசினிக் கத்தி.

குசினிக் கத்தியைப் பூட்டி ஒளித்து வைப்பார்களா என்று அவர் கேட்டார். மாமியாரும் மருமகளும் கோபம் என்பதை அந்த வயதில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல முடியாது.

அவர் அண்ணாவைப் பார்த்தார். "ட்ரெய்னிங் கத்தத?" என்றார். இயக்கத்தில் ட்ரெய்னிங் எடுத்தாயா? அந்தக் காலத்தில் தமிழ்ப் பொடியன்களிடம் இதைத்தான் கேட்பார்கள். இல்லை என்றால் பொய், ஓம் என்றால் முடிந்தது. ஓர் ஆமிக்காரர் அண்ணாவின் தோளில் கை வைத்தார். வெளியே ஜீப் நின்றது. அண்ணா அந்த ஜீப்பில் ஏறினால், அந்த ஒழுங்கைத் தாயைப்போல எங்கள் அம்மாவும் நடக்கத் தொடங்க வேண்டியதுதான்.

"என்னோடது," என்றாள் மாயா. பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அப்படியென்றால் வெட்டிக் காட்டச் சொல் என்றார் அதிகாரி. அம்மா முன்னுக்கு வந்து, "நான் வெட்டிக் காட்டுறன் சேர்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் கையை வீசி அம்மாவை விலக்கினார். சொந்தக்காரிதான் காட்ட வேண்டும்.

கத்தி மாயாவின் கைக்கு வந்தது. என்ன சொல்ல? பழகிய கை தன் இடத்தைத் தேடிக்கொண்டது. வளையம் விரல்களுக்கு நடுவே புகுந்தது, சின்ன விரல் அடியில் ஒதுங்கியது, கட்டைவிரல் அப்பாவின் பள்ளத்துக்குள் இறங்கியது. மணிக்கட்டு இலேசாகித் தளர்ந்தது. அவள் அதை எவ்வளவு அழகாகப் பிடித்திருந்தாள் என்பதை நான் பார்த்தேன். ஆமிக்காரர்களும் பார்த்தார்கள். வாசலில் நின்றவரின் துவக்கு மேலே எழும்பியது. பெண் பொலிஸ் ஓரடி பின்வாங்கினார். இப்படிப் பிடிக்கத் தெரிந்தவள் பூசணிக்காய் வெட்டுகிறவள் என்று யார் நம்புவார்கள்?

மாயா துவக்கைப் பார்த்தாள். அண்ணாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

அவள் கையைத் தளர்த்தினாள். கத்தியை அலகு கீழே பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு, மெதுவாகக் குசினிக்குள் நடந்தாள். அதிகாரி பின்னால் போனார். திரை விழுந்தது.

இனித்தான் நான் முதலில் சொன்ன அந்த இடைவெளி. அந்தக் கால் பிடிக்கு மேலே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. ரயில் போய் முடியும்வரை நின்றதாக எனக்கு ஞாபகம், ஆனால் காய்ச்சல்காரியின் ஞாபகத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பிறகு இறங்கியது. விரல்கள் வளையத்தைக் கவ்வின. சுலேசியில் பழகிய பாதம் தடுமாறவில்லை. அன்றைய சமையலுக்கும் பூசணிதான் இருந்தது; பூசணித் துண்டு அலகில் ஏறும் அந்த ஈரச் சத்தம் கேட்டது. ஒரு துண்டு, பிறகு இன்னொன்று. பச்சைப் பூசணியின் வாசம் முன்னறைக்கு வந்தது.

சப்பாத்துகள் அசைந்தன. "ஹரி, ஹரி," என்றார் அதிகாரி, சரி சரி என்று. குரலில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டிருந்தது. தரையில் குந்தியிருந்து காலால் கத்தி பிடித்துக் காய் வெட்டும் பெண்ணைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? "குஸ்ஸியே தியன்ன," என்றார். குசினியிலேயே வை, ஒளிக்காதே. உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாவின் தோளில் இருந்த கையும் அவர்களோடு போய்விட்டது.

குசினியில்

படலை சாத்திய சத்தத்துக்குப் பிறகும் மாயா எழும்பவில்லை. பூசணித் துண்டுகளுக்கு நடுவே, பிடியில் கால் வைத்தபடியே இருந்தாள். காலை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மாதான் திரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். குனிந்து, அவளுடைய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். குக்குரியை எடுத்துக் குழாயடியில் கழுவினார். பிடியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார், வளையத்தைச் சுற்றி, பித்தளையைச் சுற்றி, அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டு. பிறகு இரண்டு கையிலும் ஏந்தி அவளிடம் நீட்டினார். மாயா வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். நான் பாயில் இருந்தபடியே அழுதேன். அண்ணா முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

அதன்பின் குக்குரி குசினியிலேயே இருந்தது. யன்னலோரம் ஓர் ஆணியில் தொங்கியது. அடுத்த செக்கிங்குக்கு வந்தவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தச்சன் வந்து அரிவாளுக்குப் புதுப் பலகை போட்டுக் கொடுத்தார். அம்மா அதை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, மேசைக்கு முன்னால் எழும்பி நின்று, குக்குரியைக் கையில் பிடித்துக் காய் வெட்டத் தொடங்கினார். அந்த வயதில், ஒரு நாளும் கைக்கத்தி பிடிக்காத மனுஷி. வெண்டிக்காய் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும். கத்தரிக்காய் மேசையை விட்டு ஓடும். மாயா ஒரு மூலையில் தேங்காய் துருவிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கந்தோருக்கு நேரமாகிவிட்டது, கறி இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

"அம்மா, உங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்? அரிவாள் புதுசாத்தானே இருக்கு?"

அம்மா நிமிரவில்லை. வளையத்தை விரல்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார்.

"கலியாணத்துக்குத்தான் சம்பந்தியைக் காணக் கிடைக்கேல்லை," என்றார். "கையையாவது பிடிச்சுப் பழகுவம்."

துருவும் சத்தம் நின்றது. மாயா எழும்பி வந்தாள். அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து, கொஞ்சம் மேலே நகர்த்தி, அந்தப் பள்ளத்துக்குள் வைத்தாள்.